சங்கம் தொழில் நடத்தலாமா? கொள்கை கெடாம லாபம் பாக்குறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம்ம சிங்கப்பூர்ல தமிழ் அமைப்புகளோட கமிட்டி மீட்டிங்ல வருஷா வருஷம் வர்ற பேச்சு இது. நன்கொடை குறையுது, டின்னர் டேபிள் விக்கிறது கஷ்டமா இருக்கு, நாமளே ஒரு தொழில் ஆரம்பிச்சா என்னன்னு ஒருத்தர் கேப்பார். சேவை அமைப்பு வியாபாரம் பண்ணலாமான்னு இன்னொருத்தர் எழுந்து நிப்பார். பாதி பேர் இந்தப் பக்கம், பாதி பேர் அந்தப் பக்கம், மணி பத்தாயிடும், அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்னு கலைஞ்சிருவாங்க.

பண்ணலாம். சட்டம் தடுக்கல, நல்லபடியா நடத்துறவங்களும் நம்ம ஊர்ல இருக்காங்க. பொருளாளரா இருந்தப்பவும், அப்புறம் மத்த அமைப்புகளுக்குக் கணக்கு பாத்துக் குடுத்தப்பவும் நான் திரும்பத் திரும்பக் கவனிச்சது ஒண்ணுதான்: நல்ல லாபம் வர்ற மாசத்துல யாரும் கொள்கையை விடுறதில்ல, வாடகை கட்டக் காசு இல்லாத மாசத்துலதான் விடுறாங்க. "இந்த மாசம் மட்டும் அண்ணே, அடுத்த மாசம் சரி பண்ணிடலாம்"னு ஆரம்பிக்கும். அதனால எது முதல்ல, எது அப்புறம்ங்கிற வரிசை ரொம்ப முக்கியம். பெயர், லோகோ, கடை இடம் இதெல்லாம் கடைசியில வர வேண்டியவை, ஆனா புதுசா வர்றவங்க பெரும்பாலும் அங்கதான் தொடங்குறாங்க.

ஒரு உதாரணத்தைக் கையில வச்சுக்குவோம். கற்பனையான ஒரு அமைப்பு, வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்கு டியூஷன் நடத்துது, தனியா பிள்ளை வளக்குற அம்மாமாருக்கு சமையல் வேலைப் பயிற்சி குடுக்குது. இப்ப ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு கேட்டரிங், கூடவே தீபாவளிப் பலகாரம் பண்ணலாம்னு யோசிக்குது. கீழ வர்ற கடைக் கணக்கு எல்லாம் இந்த உதாரணத்துக்காகப் போட்டதுதான்.

1. முதல்ல கையில என்ன இருக்குன்னு பாருங்க

எடுத்து வைக்க வேண்டியவை: அமைப்பு விதிகள், கடைசி மூணு வருஷத் தணிக்கை செஞ்ச கணக்கு, கையிருப்புக் கொள்கை, எந்த நிதி எதுக்காக வாங்கினதுங்கிற பட்டியல்.

அமைப்பு விதிகள் எதுக்குன்னா, நீங்க யாருங்கிறது அதுலதான் இருக்கு. சங்கமா பதிவானதா, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனியா (பங்கு இல்லாம, உறுப்பினர்கள் உத்தரவாதத்துல நடக்குறது), அறக்கட்டளையா? அறநிறுவனமாவும் பதிவு இருக்கா? ஐபிசி தகுதி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிக்கழிவு ரசீது குடுக்குற தகுதி) இருக்கா? இது ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வர்ற படிகள் மாறும். தொழில் நடத்துற அதிகாரம் விதிகள்ல இல்லேன்னா பொதுக்கூட்டம் வச்சுத் திருத்தி, உரிய அனுமதி வாங்கிட்டுத்தான் நகரணும்.

நிதிப் பட்டியல்லதான் அதிகம் பேர் தடுக்கி விழுறாங்க. "பேங்க்ல 3 லட்சம் வெள்ளி இருக்கு, 1 லட்சம் போடலாம்"னு தலைவர் சொல்வார். பிரிச்சுப் பாத்தா அதுல 1,20,000 பிள்ளைங்களோட உதவித்தொகைக்குன்னு குடுத்தது, 60,000 பயிற்சிக்கு முன்பணமா வந்த மானியம், 80,000 அமைப்பை ஒரு வருஷம் நடத்த வேணும்னு கையிருப்புக் கொள்கையே சொல்லுது. மிச்சம் 40,000. உங்க தொழிலுக்கான உச்ச வரம்பு அதுதான், 3 லட்சம் கிடையாது. உதவித்தொகைக்குன்னு குடுத்த காசை அடுப்பு வாங்கப் போட்டா, லாபம் வந்தாலும் வராட்டியும் அது நம்பிக்கை மீறல், கொள்கை அங்கயே முடிஞ்சது.

2. செய்ய மாட்டோம்னு ஒரு பக்கம் எழுதுங்க

வியாபாரத் திட்டம் எழுதுறதுக்கு முன்னாடியே இதை எழுதணும். ஏன் முன்னாடின்னா, திட்டம் வந்தப்புறம் எழுதினா திட்டத்துக்கு ஏத்த மாதிரிதான் கொள்கை வளையும்.

"மனிதநேயத்தோடு செயல்படுவோம்"னு எழுதினா அது பிரயோஜனப்படாது, ஏன்னா அதை மீறினாங்களா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. மீறினா தெரியுற மாதிரி எழுதணும். நம்ம உதாரணத்துக்கு:

பயிற்சியில இருக்குற அம்மா மெதுவா வேலை செய்றாங்கங்கிறதுக்காக அவங்க ஷிஃப்டைக் குறைக்க மாட்டோம். பயனாளிகள் முகத்தையோ அவங்க கதையையோ போட்டுச் சாப்பாடு விக்க மாட்டோம். சிகரெட், மது, சூதாட்டக் கம்பெனிகளோட ஆர்டர், ஸ்பான்சர் ரெண்டும் வேண்டாம். டியூஷன் இருக்குற சாயங்காலம் அந்த ரூமைப் பேக்கிங்குக்கு எடுக்க மாட்டோம்.

எழுதின ஒவ்வொரு வரியையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. மாசம் 2,000 வெள்ளி ஆர்டர் வருது, ஆனா இந்த வரியை மீறணும்னு கேக்குறாங்க, விடுவீங்களா? கமிட்டியில நாலு பேர் தயங்கினா அந்த வரியை எடுத்துருங்க, கடைப்பிடிக்கப் போறதில்லாத ஒண்ணு பேப்பர்ல இருந்தா மத்த வரிகளுக்கும் மரியாதை போயிடும். மிச்சம் இருக்குறதை மீட்டிங் மினிட்ஸ்ல ஏத்துங்க, மாத்தணும்னா பொதுக்கூட்டத்துல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு சேர்த்து எழுதுங்க. அவசரத்துல நாலு பேர் வாட்ஸ்அப்ல மாத்திறக் கூடாது, அதுக்குத்தான்.

3. தொழிலே சேவையா, இல்ல சேவைக்குக் காசு திரட்டவா?

இது ரெண்டும் வேற. மைண்ட்ஸ், பிஸ்லிங்க் மாதிரி அமைப்புகள் உடற்குறை, அறிவுத்திறன் குறை உள்ளவங்களுக்குப் பயிற்சியும் வேலையும் குடுக்குற தொழில்களை நடத்துறாங்க, அங்க வேலை நடக்குறதே சேவைதான். டியூஷன் நடத்துற அமைப்பு வெறும் காசுக்காகக் கைத்தொலைபேசி உறை வித்தா, அதுக்கும் சேவைக்கும் சம்பந்தமில்ல, லாபம் மட்டும்தான் உள்ள வருது.

ரெண்டாவது வகை தப்புன்னு சொல்லல. சால்வேஷன் ஆர்மி நடத்துற பழைய பொருள் கடைகளைப் பாருங்க, சரக்கு நன்கொடையா வர்றதால முதல் போட்டு வாங்கி வைக்கிற ஆபத்து கம்மி. ஆனா சம்பந்தமில்லாத தொழில்ல அறநிறுவனத்தோட சொத்தை ஆபத்துல தள்ளக் கூடாதுங்கிறதுல அறநிறுவனங்களைக் கண்காணிக்கிற ஆணையர் தரப்பு எதிர்பார்ப்பு கண்டிப்பானது, அதனால அதைத் தனிக் கம்பெனி வழியாப் பண்றதுதான் பாதுகாப்பு. நம்ம உதாரணத்துல அம்மாமாருக்குப் பயிற்சி குடுக்குற மத்தியானச் சாப்பாடு சேவையோட சேர்ந்தது. பயிற்சியே இல்லாம வெளிய வாங்கி விக்கிற தீபாவளி ஹாம்பர் சேராது. ஒரே அமைப்புக்குள்ள ரெண்டும் கலந்திருக்கலாம், தனித்தனியா எழுதி வைங்க.

4. எவ்ளோ நஷ்டம் வரைக்கும்? முதல் வெள்ளி செலவழிக்கும் முன்னாடி முடிவு பண்ணுங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படிதான் செய்ய முடியும்னா இதைச் செய்ங்க.

உச்ச வரம்பு 40,000னு பாத்தோம். அதுல 30,000 மட்டும் ஒதுக்குங்க. அந்த 30,000லயும் 10,000 தொடாம வைங்க, அது கடையை மூடுறதுக்கான காசு. இதை யாருமே யோசிக்கிறதில்ல. மூடும்போது வாடகை ஒப்பந்தத்துல மிச்ச மாசம் இருக்கும், ஆட்களுக்கு நோட்டீஸ் சம்பளம் குடுக்கணும், இடத்தைப் பழையபடி ஆக்கிக் குடுக்கணும், முன்பணம் வாங்கின ஆர்டரைத் திருப்பிக் குடுக்கணும். மூடக் காசு இல்லாத அமைப்பு மூடாது, ஓட்டிக்கிட்டே இருக்கும், அப்பதான் உதவித்தொகைக் கணக்குல "கைமாத்து" எடுக்குற பேச்சு வரும்.

ஆக, மொத்த நஷ்டம் 20,000 தொட்டா நிறுத்துறோம், இல்லேன்னா ஒன்பதாவது மாசம் முடியுறதுக்குள்ள தொடர்ச்சியா மூணு மாசமாவது லாபம் பாத்திருக்கலேன்னா நிறுத்துறோம், எது முதல்ல வருதோ அது. இதை எழுதி, நிறுத்துற அதிகாரம் யாருக்குன்னும் எழுதுங்க. அந்த ஆள் கடையை நடத்துற ஆளா இருக்கக் கூடாது. காலையில நாலு மணிக்கு எழுந்து பருப்பு வேக வைக்கிற அக்காகிட்ட கடையை மூடலாமான்னு கேட்டா என்ன சொல்வாங்க, பாவம், அவங்களால முடியாது.

வாடகை ஒப்பந்தத்துல இன்னொண்ணு. கடையை வாடகைக்கு விடுறவர் கமிட்டித் தலைவரோட சொந்த ஜாமீன் கேக்கலாம். போடாதீங்க. போட்டுட்டா அப்புறம் அவர் எடுக்குற முடிவு எல்லாம் அமைப்புக்காகவா, தன் வீட்டைக் காப்பாத்தவான்னு அவருக்கே தெரியாமப் போயிடும்.

5. வாடகை இல்லாம சோதிச்சுப் பாருங்க, அதுவும் தீபாவளி நேரத்துல வேண்டாம்

தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னாடி முறுக்கு போட்டா யார் போட்டாலும் விக்கும். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கூட்டத்தைப் பாத்துட்டு இது வருஷம் முழுக்க ஓடும்னு நம்பி ரெண்டு வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போட்டவங்க இருக்காங்க. சோதனைய மார்ச், ஜூலை மாதிரி சப்புன்னு இருக்குற மாசத்துல வைங்க, அப்ப வர்ற ஆர்டர்தான் உங்க அடிப்படை.

உணவு நிறுவன உரிமம் இருக்குற ஒரு கேட்டரர் சமையலறைய ஓய்வு நேரத்துல எடுத்துப் பண்ண முடியுமான்னு கேளுங்க, அது அவங்க உரிமத்துக்கு உட்பட்டதான்னு சிங்கப்பூர் உணவு அமைப்புகிட்ட உறுதி பண்ணிக்கோங்க. சமைக்கிறவங்க உணவுப் பாதுகாப்பு வகுப்பு முடிச்சிருக்கணும். முன்பதிவு மட்டும், மிச்சம் ஆகக் கூடாது. வாங்குறவங்ககிட்ட அமைப்பு பேரைச் சொல்லாம கொஞ்ச நாள் வித்துப் பாருங்கன்னு நான் சொல்வேன். இரக்கத்துல வாங்குறவங்க ஒரு தடவை வாங்குவாங்க, ருசிக்காக வாங்குறவங்கதான் திரும்ப வருவாங்க, ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

6. தொண்டூழியர் நேரத்தையும் செலவாப் போட்டு விலை வைங்க

ஒரு நாளைக்கு 80 பொட்டலம், மாசம் 22 நாள், ஒரு பொட்டலம் 7 வெள்ளி. வரவு 12,320. சாமான், டப்பா, டெலிவரி சேர்த்து ஒண்ணுக்கு 3.80, ஆக 6,688. சமையலறை வாடகை 2,000. ஒரு சமையல்காரருக்கு 2,600, மேல முதலாளி கட்டுற மசே நிதி (மத்திய சேமநிதி) 17 விழுக்காடு 442. தண்ணி, கரண்டு, காப்புறுதி, மத்தது 500. கழிச்சா 90 வெள்ளி மிச்சம். கமிட்டி கைதட்டும்.

ஆனா மூணு தொண்டூழியர் தினமும் நாலு மணி நேரம் நிக்கிறாங்க, மாசம் 264 மணி நேரம். மணிக்கு 10 வெள்ளின்னு போட்டாக்கூட 2,640. நிஜத்துல மாசம் 2,550 வெள்ளி நஷ்டம், அதை மூணு பேர் தங்களோட முதுகுவலியால மறைச்சுக்கிட்டு இருக்காங்க. பள்ளி விடுமுறை வந்து அவங்க இந்தியா போனா அந்த மாசமே உண்மை வெளிய வரும். அதனால ஒண்ணு விலை 8.45 ஆகணும், இல்ல அதே ஆட்களை வச்சு நாளைக்கு 117 பொட்டலமாவது போகணும். ரெண்டும் முடியாதுன்னா இந்தத் தொழில் இந்த உருவத்துல வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கு. இலவச உழைப்பை வச்சு விலையக் குறைச்சா, பக்கத்து காப்பிக்கடையில சொந்தமா சாப்பாட்டுக் கடை வச்சிருக்குற அக்காவோட வயித்துல அடிக்கிறோம். நம்ம கொள்கையில அவங்களும் வரணும்.

விக்கிற ரசீதுல "நன்கொடை"ன்னு போடாதீங்க. முறுக்கு வாங்கினவர் முறுக்கு வாங்கினார், அதுக்கு வரிக்கழிவு ரசீது குடுக்க முடியாது. "முழுத் தொகையும் பிள்ளைங்களுக்கே"ன்னு போஸ்டர் போடுறதும் அப்படித்தான், செலவு போக மிச்சம்தான் போகுதுன்னா அதையே சொல்லுங்க.

ஜிஎஸ்டி: வரிக்குரிய விற்பனை வருஷம் 10 லட்சம் வெள்ளி தாண்டினா பதிவு பண்ணணும், 2024 ஜனவரியில இருந்து விகிதம் 9 விழுக்காடு. பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காத நன்கொடை இதுல சேராது.

7. தனிக் கம்பெனி: எப்போ, யார் பேர்ல

சோதனை தேறினப்புறம்தான் இது. தனிக் கம்பெனி வைக்கிறதோட காரணம், கடை மூழ்கினா பிள்ளைங்க டியூஷன் நிதி சேர்ந்து மூழ்கக் கூடாது.

பிரைவேட் லிமிடெட் பதிவு செலவு பெருசில்ல, கம்பெனிகளைப் பதிவு பண்ற அக்ராவுல பேருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300. உள்ளூர்ல வசிக்கிற டைரக்டர் ஒருத்தராவது வேணும், ஆறு மாசத்துக்குள்ள கம்பெனி செக்ரட்டரி போடணும். தடுக்கல் வேற இடத்துல வருது.

ஷேர் யார் பேர்ல? உத்தரவாதக் கம்பெனியா பதிவான அமைப்பு தன் பேர்லயே வச்சுக்கலாம். வெறும் சங்கமா பதிவானதுக்குத் தனிச் சட்ட உருவம் கிடையாது, அறங்காவலர்கள் பேர்லதான் வைக்கணும். சரி, தலைவர் பேர்ல போட்டுக்கலாம்னு எந்தப் பத்திரமும் இல்லாம போட்டுட்டா, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஷேர் அவர் குடும்பத்துக்குப் போயிடும். வக்கீல் வச்சு அறங்காவல் பத்திரம் எழுதிட்டு அப்புறம் பதிவு பண்ணுங்க.

வரியப் பத்தி அதிகம் பேர் தப்பா நினைக்கிறாங்க. பதிவான அறநிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு இருக்குங்கிறதால அதோட கம்பெனிக்கும் இருக்கும்னு நினைக்கிறாங்க, இல்ல, 17 விழுக்காடு கட்டணும். புதுக் கம்பெனிக்கு மூணு வருஷம் குடுக்குற ஸ்டார்ட்அப் வரிச் சலுகையும், குறைஞ்சது 10 விழுக்காடு பங்கு ஒரு தனி மனுஷர்கிட்ட இருந்தாத்தான் கிடைக்கும், அமைப்பே முழுசா வச்சிருந்தா கிடைக்காது. அந்தச் சலுகைக்காக யாரோ ஒருத்தருக்கு 10 விழுக்காடு குடுக்காதீங்க, மிச்சப்படுற வரியவிடப் பின்னால வர்ற சண்டை பெருசு. எப்படியும் பகுதி விலக்கு இருக்கு, வரிக்குரிய வருமானத்துல முதல் 10,000ல 75 விழுக்காடும் அடுத்த 1,90,000ல 50 விழுக்காடும் வரியில்ல. தாய் அமைப்பு ஐபிசின்னா கம்பெனி அதுக்குக் குடுக்குற நன்கொடைக்கு 250 விழுக்காடு கழிவு கிடைக்க வழியிருக்கு, அந்தச் சலுகை காலக்கெடுவோட நீட்டிக்கப்பட்டு வர்றது, அதனால குடுக்கப் போற வருஷத்து நிலைமையையும் உங்க அமைப்புக்குப் பொருந்துதான்னும் வரி வசூலிக்கிற ஐராஸ்கிட்ட கேட்டுக்கோங்க.

டைரக்டர்கள் எல்லாரும் கமிட்டி ஆட்களாவே இருந்தா, கடைக்குக் கடன் குடுக்குறவரும் வாங்குறவரும் ஒரே ஆள். வெளியாள் ஒருத்தர் ரெண்டு பேராவது, தொழில் தெரிஞ்சவங்களா வேணும். தலைவரோட மச்சான் மளிகைக் கடையில சாமான் வாங்குறோமா? வாங்கலாம், முதல்ல உறவைச் சொல்லிட்டு, அந்தப் பேச்சு நடக்கும்போது தலைவர் வெளிய போயி, மூணு கடை விலை வாங்கிப் பாத்து, அதை மினிட்ஸ்ல எழுதினா.

சமூக நிறுவனங்களுக்கு உதவுறதுக்குன்னே 2015ல அமைச்ச ரெய்ஸ் மையம் இருக்கு, கம்பெனி பதிவானதும் அவங்க ஆலோசனையும் நிதி உதவித் திட்டங்களும் பொருந்துதான்னு போய்ப் பேசுங்க.

8. ஆட்கள்

சமூக சேவகரையே கடை மேனேஜராப் போடாதீங்க. ரெண்டு வேலையும் கெட்டுப்போகும், அவங்களும் ஒரு வருஷத்துல ராஜினாமா குடுப்பாங்க. சமையலறை நடத்தின அனுபவம் உள்ளவரைச் சந்தைச் சம்பளத்துக்கு எடுங்க, 2வது படியில எழுதின பக்கத்தை நேர்முகத்துலயே காட்டுங்க, அதுக்கு ஒத்துவராதவர் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் வேண்டாம்.

தொண்டூழியரைச் சேவைப் பக்கம் வைங்க, கடைப் பக்கம் சம்பள ஆள் நிக்கட்டும். வெளிநாட்டு ஊழியர் ஒருத்தரை எடுத்தாலே உள்ளூர் ஊழியர்களுக்கான குறைஞ்சபட்சத் தகுதிச் சம்பளமும், உணவுச் சேவைக்கு 2023 மார்ச்ல வந்த படிப்படியான சம்பள உயர்வு முறையும் சேர்ந்து வரும், அதை விலைக் கணக்குல முன்னாடியே போட்டுருங்க.

9. ரெண்டு கணக்கு, ஒரு மாச அறிக்கை

தனி பேங்க் கணக்கு. அமைப்போட வேன், ஆபீஸ், ஆள் நேரம் கடைக்குப் போனா அதுக்குக் கடை காசு கட்டணும். அமைப்பு கடைக்குக் கடன் குடுத்தா வட்டியோட, திருப்பிக் குடுக்குற தேதியோட எழுத்துல இருக்கணும். இல்லேன்னா கடை லாபத்துல ஓடுற மாதிரி தெரியும், உள்ளுக்குள்ள டியூஷன் காசு அதைத் தாங்கிக்கிட்டு இருக்கும்.

மாசா மாசம் கமிட்டி பாக்க வேண்டியது ஒரே பக்கம்: கையில எத்தனை மாசத்துக்குக் காசு, மொத்த நஷ்டம் 20,000க்கு எவ்ளோ பக்கத்துல, செய்ய மாட்டோம் பட்டியல்ல ஏதாவது மீறலா, எத்தனை அம்மாமார் பயிற்சி முடிச்சு வேற வேலைக்குப் போனாங்க. கடைசிக் கேள்வி ரொம்ப அவசியம். நல்லா சமைக்கிறவங்களை வெளிய அனுப்ப மனசு வராது, கடைக்கு அவங்க வேணும். அந்த எண் மூணு மாசம் பூஜ்ஜியமா இருந்தா கடை சேவையைச் சாப்பிடுதுன்னு அர்த்தம்.

கையிருப்பையும் மேல்மட்ட ஆட்கள் சம்பளத்தையும் உள்ளபடி வெளியிடுங்க. 2005ல என்கேஎஃப் (சிறுநீரக நோயாளிகளுக்கு உதவுற தேசிய அறநிறுவனம்) விவகாரத்துல மக்கள் கொதிச்சது தலைமை நிர்வாகி ஆபீஸ் குளியலறையில இருந்த தங்க முலாம் குழாய்க்காக மட்டுமில்ல, கையிருப்பு எத்தனை வருஷத்துக்கு வரும்னு வெளிய சொன்னதும் நிஜமும் ரொம்பத் தள்ளி இருந்தது. நம்ம மாதிரி சின்ன அமைப்புக்கு அப்படி ஒரு அடி விழுந்தா எழுந்திருக்க முடியாது.

10. ஜெயிச்சா என்ன ஆகும்னும் எழுதுங்க

தோத்தா என்னன்னு 4வது படியில எழுதிட்டோம். ஜெயிச்சு யாராவது விலைக்குக் கேட்டா? காப்புறுதி நிறுவனமான என்டியுசி இன்கம் கூட்டுறவு அமைப்பா இருந்து 2022ல கம்பெனியா மாறிச்சு. 2024 ஜூலையில ஜெர்மன் காப்புறுதி நிறுவனம் அலியான்ஸ் அதுல குறைஞ்சது 51 விழுக்காடு வாங்க முன்வந்தது, அக்டோபர்ல அரசாங்கம் அந்த உருவத்துல வேண்டாம்னு நிறுத்திடுச்சு. கம்பெனியா மாறும்போது அரசாங்கம் ஏறக்குறைய 2 பில்லியன் வெள்ளி உபரியக் கூடவே எடுத்துட்டுப் போக விட்டதே சமூக நோக்கம் தொடரணும்னுதான், வாங்கினப்புறம் சுமார் 1.85 பில்லியன் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தர்ற திட்டம் அதோட எப்படிப் பொருந்தும்னு நாடாளுமன்றத்துல கேள்வி வந்துச்சு. அவ்ளோ பெரிய அமைப்புக்கே உருவம் மாறும்போது நோக்கத்தைப் பிடிச்சு வைக்கிறது கஷ்டமா இருந்திருக்கு.

அதனால உங்க கம்பெனி விதிகள்ல இப்பவே எழுதுங்க: லாபத்துல எவ்ளோ தொழில்ல திரும்பப் போடலாம், மிச்சம் எப்ப தாய் அமைப்புக்குப் போகும், வித்தாலோ மூடினாலோ மிச்சச் சொத்து அறநிறுவனத்துக்கு மட்டும்தான் போகும், இதை மாத்த அமைப்போட பொதுக்கூட்டம் ஒத்துக்கணும்.

11. கமிட்டி மாறும்போது

அறநிறுவன நிர்வாக நெறிப்படி பொருளாளர் தொடர்ந்து நாலு வருஷத்துக்கு மேல இருக்கக் கூடாது, ஆக ஆள் மாறியே தீரும். தொடங்கினவங்க போனப்புறம் புது ஆட்களுக்குக் கடையோட வரவு மட்டும் கண்ணுல படும், ஏன் அந்த ஆர்டரை வேண்டாம்னு சொன்னாங்கன்னு தெரியாது. செய்ய மாட்டோம் பக்கம், நிறுத்துற வரம்பு, அறங்காவல் பத்திரம், கடன் ஒப்பந்தம் நாலையும் ஒரே ஃபைல்ல வைங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் பேங்க் கையெழுத்து மாத்துற அன்னைக்கே அதைப் படிச்சுக் கையெழுத்துப் போடணும். படிக்க நேரமில்லேன்னு சொன்னா பேங்க் படிவத்தை அடுத்த வாரம் தள்ளி வைங்க.